ஆற்றுத் தண்ணீரில் யாருக்கு எவ்வளவு? சேலத்துக்காரர் கணக்கு கேட்டு வாங்கும் வழி

எங்கள் ஊர் ஓமலூர்ப் பக்கம், சரபங்கா ஆற்றை நம்பிய ஏரிப்பாசன ஊர். ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்த ஒரு பங்குனியில் டீக்கடையில் ஆளுக்கொரு கணக்கு சொன்னார்கள். "எல்லாம் கம்பெனிக்குப் போகுதுங்க" என்றார் ஒருவர். "டவுனுக்குக் குடிக்கவே பத்தல, உனக்கு எங்கிருந்து வரும்?" என்றார் இன்னொருவர். பேசிய எவர் கையிலும் காகிதம் இல்லை. காகிதத்தையே வாங்கிவிடுவோம் என்று நான் கிளம்பினேன். பதினான்கு மாதம் ஆனது. அதில் ஒன்பது மாதம், தவறான அலுவலகத்துக்குத் தவறான கேள்வியை அனுப்பியதிலேயே போனது. அந்த ஒன்பது மாதம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கிணறு வெட்டவோ ஆழ்துளைக் கிணறு போடவோ அனுமதி வாங்கும் வழி இதில் இல்லை. உங்கள் ஆற்றில், அணையில், ஏரியில் இருந்து பாசனம், குடிநீர், ஆலை, மின்சாரம் என்று யார் யாருக்கு எவ்வளவு தண்ணீர் எடுக்க அனுமதி இருக்கிறது, உண்மையில் எவ்வளவு எடுக்கிறார்கள் என்ற கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே வாங்கும் முறை மட்டும்தான். எல்லாவற்றையும் ஒன்றாக எழுதி வைத்த பதிவேடு எந்த அலுவலகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. துண்டு துண்டாக வாங்கி நாமேதான் ஒட்ட வேண்டும்.

1. உங்கள் ஊர் எந்த வடிநிலம் என்று முதலில் பாருங்கள்

வடிநிலம் என்றால் ஓர் ஆற்றுக்கு மழைநீர் வடிந்து சேரும் நிலப்பரப்பு. சேலம் மாவட்டம் முழுக்கக் காவிரிதான் என்று நினைத்துக்கொண்டு எழுதினால் முதல் மனுவே வீண். மேட்டூர், ஓமலூர், எடப்பாடி, சங்ககிரி, சேலம் நகரம் எல்லாம் காவிரி வடிநிலம். சேர்வராயன் மலையில் பிறக்கும் சரபங்காவும் திருமணிமுத்தாறும் காவிரிக்குத்தான் போகின்றன. ஆத்தூர், தலைவாசல், பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் வந்தால் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் வெள்ளாற்று வடிநிலம். ஏற்காட்டு மலையிலேயே இன்னொரு பக்கம் இறங்கும் வாணியாறு, தருமபுரி மாவட்டத்து வாணியாறு அணைக்குப் போய், அங்கிருந்து தென்பெண்ணையில் சேர்கிறது. ஒரே மலையில் பெய்யும் மழை இரண்டு வடிநிலங்களுக்குப் பிரிகிறது.

இது ஏன் முக்கியம் என்றால், காவிரிக்கு மாநிலங்களுக்கு இடையே தீர்ப்பு இருக்கிறது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னபடி தமிழ்நாட்டின் பங்கு ஆண்டுக்கு 404.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி). அதில் மாநில எல்லையில் உள்ள பில்லிகுண்டுலுவில் கர்நாடகம் விட வேண்டியது 177.25 டி.எம்.சி. வெள்ளாற்றுக்காரர் இந்த எண்ணை மனுவில் எழுதினால் அது அவருக்குச் சம்பந்தமில்லாத எண்.

இன்னொன்றும் கவனியுங்கள். பாசனம் ஒரு வடிநிலத்திலும், குடிநீர் இன்னொரு வடிநிலத்திலும் இருக்கலாம். ஆத்தூர்ப் பக்கம் குழாயில் வருவது மேட்டூர்த் தண்ணீர். அப்படிப்பட்ட ஊர் என்றால் மனு இரண்டு வழியில் போக வேண்டும்.

2. ஏரியும் வாய்க்காலும் யார் பொறுப்பு?

ஆயக்கட்டு, அதாவது ஏரியால் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை ஏரி. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்து ஏரி. 40 ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 100 ஏக்கர். ஏரியின் பரப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள், பாசனம் பெறும் நிலத்தின் பரப்பைத்தான் பார்க்க வேண்டும். நான் இங்கேதான் விழுந்தேன். ஏரி பார்க்கப் பெரிதாக இருக்கிறதே என்று ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். "எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது, அதுவும் இருபத்தெட்டாம் நாள்.

கிராம நிர்வாக அலுவலரிடம் ஏரியின் புல எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அ-பதிவேடு என்ற கிராம நிலப் பதிவேடு அரசு இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும், அதில் அந்த எண் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிடலாம். மனுவில் ஏரியின் பெயரை மட்டும் எழுதாமல் புல எண், வருவாய்க் கிராமம், குறுவட்டம், வட்டம் நான்கையும் எழுதுங்கள். ஒரே பெயரில் நாலு ஏரி இருக்கும் மாவட்டம் இது.

நேரம் வாய்த்தால், கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் சரிபார்க்கும் ஜமாபந்தி நடக்கும் மே, ஜூன் மாதங்களில் வட்டாட்சியர் அலுவலகம் போங்கள். கணக்குகள் எல்லாம் அங்கே கொண்டுவரப்பட்டிருக்கும். பசலி என்பது வருவாய்த்துறையின் கணக்கு ஆண்டு, ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. மனுவில் ஆண்டைக் குறிப்பிடும்போது வருவாய்த்துறைக்குப் பசலியாகவும் மற்றவர்களுக்கு நிதியாண்டாகவும் எழுதினால் பதில் குழம்பாது. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434.

3. எந்தக் காகிதம் எந்த அலுவலகத்தில் இருக்கிறது?

என் ஒன்பது மாதம் இது தெரியாததால்தான் போனது. பொறுமையாகப் படியுங்கள்.

பாசனம். இது நீர்வளத்துறையிடம். 2021-இல் பொதுப்பணித்துறையில் இருந்து இது தனித் துறையாகப் பிரிந்தது. பழைய முகவரியில் பொதுப்பணித்துறை என்று எழுதினால் கடிதம் சுற்றிக்கொண்டே இருக்கும். காவிரிப் பக்கத்து ஊர்களுக்கு நீர்வளத்துறையின் மேல்காவிரி வடிநில வட்ட அலுவலகம் சேலத்தில் இருக்கிறது. சரபங்கா வடிநிலக் கோட்டத்தின் அலுவலகம் நாமக்கல்லில். நம் ஆறு, ஆனால் அலுவலகம் பக்கத்து மாவட்டம். இங்கே கேட்க வேண்டியவை: ஆயக்கட்டுப் பதிவேடு, அந்தந்த ஆண்டின் நீர் திறப்பு அரசாணை, மதகுவாரியாகத் திறந்த அளவு. மேட்டூர் கிழக்கு, மேற்குக் கால்வாய்களுக்கு வழக்கமாக ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை, 137 நாள், 9.60 டி.எம்.சி.க்கு மிகாமல், சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குத் தண்ணீர் விடுவார்கள். திறப்பு அரசாணையில் நாள், அளவு, ஏக்கர் மூன்றும் இருக்கும். அது ஒரு பக்கக் காகிதம்தான், ஆனால் மொத்தக் கணக்குக்கும் அடித்தளம்.

குடிநீர். கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்றால் குடிநீர் வடிகால் வாரியம். நகரத்துக்குள் என்றால் மாநகராட்சி அல்லது நகராட்சி. இரண்டு பேரிடமும் கேளுங்கள். வாரியம் சொல்வது எடுத்த இடத்து அளவு. நகராட்சி சொல்வது தொட்டிக்கு வந்து சேர்ந்த அளவு. இரண்டும் ஒன்றாக இருக்காது. நடுவில் காணாமல் போவது எவ்வளவு என்பதே ஒரு செய்தி.

ஆலைகள். ஆற்றிலிருந்தோ அணையிலிருந்தோ ஓர் ஆலை தண்ணீர் எடுக்கிறது என்றால் அரசாணையும் நீர்வளத்துறையோடு ஓர் ஒப்பந்தமும் இருக்க வேண்டும். நாளைக்கு எவ்வளவு, எந்தத் தேதி வரை, என்ன கட்டணம் என்று அதில் இருக்கும். அரசு நிறுவனம் என்றால் நேராக அதனிடமே கேட்கலாம். சேலம் உருக்காலை மத்தியப் பொதுத்துறை, மேட்டூர் அனல்மின் நிலையம் மாநில அரசு நிறுவனம். தனியார் ஆலைகளுக்குச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. அதற்காக விட்டுவிட வேண்டாம். ஆலையை இயக்க மாசுக் கட்டுப்பாடு வாரியம் தரும் இசைவாணையில் நாள் ஒன்றுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கழிவுநீர் என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 30-க்குள் ஆலைகள் வாரியத்துக்குப் படிவம் 5 என்ற சுற்றுச்சூழல் அறிக்கை கொடுக்க வேண்டும். முந்தைய நிதியாண்டில் உற்பத்திக்கு, குளிர்விப்புக்கு, ஆட்களின் பயன்பாட்டுக்கு என்று தண்ணீரைப் பிரித்துக் காட்டும் படிவம் அது. அக்டோபர், நவம்பரில் கேட்டால் புது அறிக்கையே கிடைக்கும். இந்தப் படிவத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. பத்தாவது மாதத்தில்தான் தெரிந்தது.

நிலத்தடி நீர். சென்னை தரமணியில் இருக்கும் மாநில நிலத்தடி மற்றும் மேற்பரப்பு நீர்வள ஆதார விவர மையம். தொழிலுக்கும் வணிகத்துக்கும் நிலத்தடி நீர் எடுக்க 2014 ஜூலை 23 தேதியிட்ட அரசாணை 142-இன்படி தடையின்மைச் சான்று வேண்டும். உங்கள் குறுவட்டம் எந்த வகை என்றும் கேளுங்கள். ஆண்டுதோறும் ஊறும் நீரில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பானது, 90 வரை ஓரளவு அபாயம், 100 வரை அபாயம், அதற்கு மேல் அதிநுகர்வு. தண்ணீர் லாரி, தண்ணீர் கேன் கம்பெனி பற்றிய கேள்விகளும் இங்கேதான். ஏற்காட்டில் விடுதிகள் பெருகிவிட்டன, லாரித் தண்ணீர் எங்கிருந்து ஏறுகிறது என்று கேட்பவர்கள் இந்த மையத்தையும் ஊராட்சி ஒன்றியத்தையும் சேர்த்தே கேளுங்கள்.

விவசாயிகளாகிய நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் எடுப்பது எந்தக் காகிதத்திலும் வராது. விவசாய மின் இணைப்புகளில் பெரும்பாலும் மீட்டர் கிடையாது. இணைப்புகளின் எண்ணிக்கையை வேண்டுமானால் மின் பகிர்மானக் கோட்டத்தில் வாங்கலாம். கடைசியில் நாம் போடப்போகும் அட்டவணையில் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், ஆனால் வரியை எடுத்துவிடாதீர்கள். அடுத்தவர் கணக்கை மட்டும் கேட்டு நம் வரியை மறைத்தால் கூட்டத்தில் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடுவோம். எனக்கு அது நடந்தது.

மின்சாரம். நீர்மின் நிலையத்துக்குப் போகும் தண்ணீரைக் கூட்டலில் சேர்க்காதீர்கள். மேட்டூரில் அணை மின்நிலையமும் சுரங்க மின்நிலையமும் சுற்றிவிட்ட அதே தண்ணீர்தான் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டைக் கதவணைகளில் மறுபடி மறுபடி சுற்றுகிறது. அதைக் கூட்டினால் அணையில் இருப்பதைவிட அதிகத் தண்ணீர் கணக்கில் வரும். அனல்மின் நிலையம் அப்படி இல்லை. அது குளிர்விக்க எடுப்பதில் ஒரு பகுதி ஆவியாகிப் போகும், அதைச் சேர்க்க வேண்டும்.

4. ஒரு எண் போதாது, மூன்று எண் கேளுங்கள்

அனுமதித்த அளவு, எடுத்த அளவு, திரும்ப விட்ட அளவு. இந்த மூன்றும் வெவ்வேறு எண்கள். டீக்கடைச் சண்டை பாதிக்கு மேல் இவற்றைக் குழப்பிக்கொள்வதால் வருவது. ஒருவர் அனுமதியைப் பார்த்துவிட்டு "இவ்வளவு உறிஞ்சுறான்" என்பார். மற்றவர் எடுத்ததைக் காட்டிவிட்டு "அனுமதிக்கு உள்ளேதானே இருக்கு" என்பார். மூன்றாவது எண்ணை யாரும் கேட்பதே இல்லை.

அந்த மூன்றாவது எண்ணுக்கு எவ்வளவு எடை என்று பாருங்கள். 2007-இல் காவிரி நடுவர் மன்றம் பங்கு பிரித்தபோது, குடிநீருக்கு எடுப்பதில் 20 சதவீதமும் ஆலைக்கு எடுப்பதில் 2.5 சதவீதமும்தான் செலவு என்று கணக்கில் எடுத்துக்கொண்டது. மீதி எப்படியும் ஆற்றுக்குத் திரும்பிவிடும் என்பது அதன் அடிப்படை. காகிதத்தில் திரும்பியது, தரையில் எப்படித் திரும்புகிறது என்று சேலத்தில் திருமணிமுத்தாற்றுப் பாலத்தில் ஐந்து நிமிடம் நின்றால் தெரியும். சாக்கடையாக வருவதைக் கீழேயுள்ள ஊர் எதற்குப் பயன்படுத்தும்? ஆகவே திரும்பும் அளவோடு, சுத்திகரித்த பிறகு திரும்பியது எவ்வளவு, சுத்திகரிக்காமல் எவ்வளவு என்றும் மாநகராட்சியிடம் தனித்தனியாகக் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்பது பதில் அல்ல, நாள் ஒன்றுக்கு அதற்குள் போகும் அளவுதான் பதில்.

இதோடு சேர்த்து 'உபரி' என்ற சொல்லைக் கவனியுங்கள். மேட்டூர் உபரிநீரைச் சரபங்கா வடிநிலத்தின் 100 வறண்ட ஏரிகளுக்கு ஏற்றும் 565 கோடி ரூபாய்த் திட்டம் 2021-இல் ஓடத் தொடங்கியது. உங்கள் ஏரி அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதாலேயே ஆண்டுதோறும் இவ்வளவு தண்ணீர் உங்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பொருளில்லை. அணை நிரம்பி வழிந்தால்தான் உபரி. எங்கள் ஊரில் பலர் இதை ஒதுக்கீடு என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் உங்கள் ஏரியின் வரிசை எண், எந்தக் குழாய்த் தடத்தில் வருகிறது, எந்தெந்த நாளில் நீரேற்றினார்கள் என்று கேளுங்கள்.

5. மனு எழுதுவது

'ஏன்' என்று ஆரம்பிக்கும் கேள்வி எதையும் எழுதாதீர்கள். என் முதல் மனுவில் ஏழு கேள்வி, ஏழும் 'ஏன்', 'எப்படி நியாயம்' என்றே இருந்தன. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத் தரத்தான் இந்தச் சட்டம். விளக்கம் தர வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. ஓர் அலுவலகத்தில் பதிவறையில் இருந்த தம்பி, "பேப்பர் பேரைச் சொல்லிக் கேளுங்கண்ணா, கேள்வியாக் கேக்காதீங்க" என்றார். அதற்குப் பிறகுதான் பதில் வரத் தொடங்கியது.

இப்படி எழுதுங்கள்: "2022-23 முதல் 2024-25 வரை, (திட்டத்தின் பெயர்) வழியாக ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட நீரின் மாதவாரி அளவைக் காட்டும் பதிவேட்டின் நகல்." "(ஆலையின் பெயர்) நீர் எடுக்க வழங்கப்பட்ட அரசாணை மற்றும் ஒப்பந்தத்தின் நகல்: அனுமதித்த அளவு, காலம், கட்டணம் ஆகிய பக்கங்கள் மட்டும்." "மேற்படி நீரை அளக்கும் மீட்டரின் கடைசி மூன்று ஆண்டுச் சரிபார்ப்புச் சான்றின் நகல்." இந்த மூன்றாவதை மறக்காதீர்கள். மீட்டர் ஓடாத இடத்தில் மோட்டார் ஓடிய மணியை வைத்து அளவைப் போடுவார்கள். பதிவேட்டில் எல்லா மாதமும் ஒரே எண் இருந்தால் அது அளந்த எண் அல்ல, எழுதிய எண்.

அணை விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. நீர்த்தேக்கத்தில் இருந்து நேராகக் குழாய் போட்டு எடுப்பவர்கள் ஒரு பட்டியல், அணைக்குக் கீழே ஆற்றில் கிணறு போட்டு எடுப்பவர்கள் இன்னொரு பட்டியல். தினமும் காலை 8 மணி நிலவரம் என்று செய்தித்தாளில் வருவதில் முதல் பட்டியல் தனியாக இருக்காது. இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மூன்று ஆண்டுக்கு மேல் கேட்காதீர்கள். ஒரு மனுவில் ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம். தனிப்பட்ட விவசாயிகள், குடியிருப்பவர்கள் பெயரைக் கேட்காதீர்கள், அளவு போதும். காரணம் சொல்லத் தேவையில்லை, பிரிவு 6(2) அதற்காகவே இருக்கிறது. கடைசி வரியில், "இத்தகவல் வேறு அலுவலகத்தில் இருப்பின் பிரிவு 6(3)-இன்படி ஐந்து நாட்களுக்குள் மாற்றி அனுப்பி எனக்குத் தெரிவிக்கவும்" என்று சேருங்கள். இந்த ஒரு வரி இருந்திருந்தால் எனக்கு இரண்டு மாதம் மிச்சம்.

6. செலவும் நாட்களும்

மாநில அரசு அலுவலகத்துக்கு மனுக் கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். மத்திய அரசு அலுவலகத்துக்கு வில்லை செல்லாது, 10 ரூபாய் அஞ்சல் ஆணை வாங்க வேண்டும். மத்திய நீர்வள ஆணையத்துக்கும் உருக்காலைக்கும் எழுதுபவர்கள் இதைத் தவறவிட்டால் மனு அப்படியே திரும்பி வரும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை, சான்று நகலை இணைத்தால் போதும். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். இணையத்திலும் போடலாம். ஆனால் ஊர்ப்பக்கக் கோட்ட அலுவலகங்களுக்கு நான் தபாலையே நம்பினேன். ரசீதும் ஒப்புகையும் கையில் இருக்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு அதுதான் ஆதாரம்.

எனக்கு ஆனது: பதினொரு மனு, 110 ரூபாய். 186 பக்க நகல், 372 ரூபாய். தபாலும் பஸ்ஸும் சேர்த்து எல்லாம் 2,500 ரூபாய்க்குள். பணம் பெரிய விஷயமில்லை, நாட்கள்தான்.

பதில் தர 30 நாள். நிறுவனத்தின் கருத்தைக் கேட்க வேண்டியிருந்தால் 40. 30 நாள் தாண்டித் தந்தால் பிரிவு 7(6)-இன்படி நகல் இலவசம், கட்டணம் கேட்டாலும் இதைக் குறிப்பிட்டு மறுக்கலாம். எப்போது அனுப்புகிறீர்கள் என்பதும் பெரிது. ஜூன் முதல் டெல்டாவுக்கும் ஆகஸ்டில் கால்வாய்க்கும் திறப்பு நடக்கும்போது பாசன அலுவலகத்தில் ஆள் இருக்க மாட்டார்கள். ஜனவரி 28-இல் டெல்டாத் திறப்பு வழக்கமாக முடியும். பிப்ரவரியில் அனுப்பிய மனுக்களுக்குத்தான் எனக்கு ஒழுங்கான பதில் வந்தது.

7. மறுத்தால் என்ன செய்வது?

எனக்கு வந்த மறுப்புகள் மூன்றே வகை. "தகவல் இல்லை" என்பது ஒன்று. சரி, இல்லை என்பதையே கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் சரிபார்ப்புச் சான்று இல்லை என்ற பதில், சான்றைவிடப் பலமான காகிதம். இரண்டாவது, "வணிக ரகசியம், பிரிவு 8(1)(டி)" என்பது. உற்பத்தி முறையையோ விலையையோ நாம் கேட்கவில்லை, பொது ஆற்றில் எடுத்த அளவை மட்டுமே கேட்கிறோம் என்று மேல்முறையீட்டில் எழுதுங்கள். மூன்றாவது, "திரட்டித் தர ஆள் பலம் இல்லை, பிரிவு 7(9)" என்பது. அந்தப் பிரிவு வேறு வடிவத்தில் தரச் சொல்கிறதே தவிர மறுக்கச் சொல்லவில்லை. அந்தப் பதில் வந்ததும் நேரில் பார்வையிடக் கேட்டுவிடுங்கள்.

முதல் மேல்முறையீடு அதே துறையின் மேலதிகாரிக்கு, பதில் வந்த அல்லது கெடு முடிந்த 30 நாளுக்குள். கட்டணம் இல்லை. அவர் 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில் முடிக்க வேண்டும். அதற்கும் சரிப்படவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே மாதக்கணக்கில் ஆகும், ஆகவே அதை நம்பி மற்ற மனுக்களை நிறுத்தாதீர்கள். என்னுடைய பதினொன்றில் நான்கு மனுக்கள் முதல் மேல்முறையீட்டிலேயே முடிந்தன.

8. நேரில் போய்ப் பாருங்கள்

தகவல் உரிமை என்றாலே தபால் என்று பலர் நினைக்கிறார்கள். பிரிவு 2(ஜே) பதிவேட்டை நேரில் பார்வையிட, குறிப்பெடுக்க உரிமை தருகிறது. முதல் ஒரு மணி நேரம் இலவசம். மனுவிலேயே "பார்வையிட நாளும் நேரமும் ஒதுக்கவும்" என்று எழுதிவிடுங்கள். மதகு திறப்புப் பதிவேட்டை நான் இப்படித்தான் பார்த்தேன். அடித்துத் திருத்திய இடங்கள், பக்கத்துக் குறிப்புகள், வேறு மையில் எழுதிய நாட்கள் எல்லாம் நகலில் தெரியாது. கூட ஒருவரை அழைத்துப் போங்கள், ஒருவர் படிக்க ஒருவர் எழுதலாம். அலுவலர்களிடம் சண்டைக்கு நிற்க வேண்டாம். பதிவேட்டை எடுத்துக் கொடுப்பவர் அந்த ஒதுக்கீட்டைச் செய்தவர் அல்ல.

9. எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றுங்கள்

பாசனக்காரர் வினாடிக்குக் கன அடி என்பார், அணைக்காரர் டி.எம்.சி., ஏரிக்கு மில்லியன் கன அடி, குடிநீருக்கு எம்.எல்.டி., ஆலைக்கு நாளைக்குக் கன மீட்டர். இப்படியே பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஒன்றும் புரியாது. செய்தியில் "ஆயிரம் கன அடி திறப்பு" என்றால் வினாடிக்கு ஆயிரம் கன அடி, மொத்த அளவு அல்ல.

இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 1 டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி, அதாவது 1,000 மில்லியன் கன அடி. லிட்டரில் ஏறக்குறைய 2,832 கோடி. 1 மில்லியன் கன அடி சுமார் 2.83 கோடி லிட்டர். வினாடிக்கு 1 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் சுமார் 24.5 லட்சம் லிட்டர். வினாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் ஓடினால் 1 டி.எம்.சி. 1 எம்.எல்.டி. என்பது நாளைக்கு 10 லட்சம் லிட்டர், வருடம் முழுக்க எடுத்தால் சுமார் 12.9 மில்லியன் கன அடி. 1 கன மீட்டர் 1,000 லிட்டர்.

நான் எல்லாவற்றையும் வருடத்துக்கு மில்லியன் கன அடியாக மாற்றினேன். ஏரியின் கொள்ளளவு அந்த அலகில் இருப்பதால் ஊரில் எவருக்கும் சட்டென்று விளங்குகிறது. ஓர் ஆலைக்கு நாளைக்கு 1,000 கன மீட்டர் என்றால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. அது 1 எம்.எல்.டி., வருடத்துக்கு 12.9 மில்லியன் கன அடி என்றதும், "நம்ம ஏரியில இது எத்தனை பங்கு?" என்று கேட்கிறார்கள். நகரக் குடிநீருக்கும் இதையே செய்யுங்கள். நாளைக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்ற நகர அளவில் வினாடிக்கு 1 கன அடி சுமார் 18,000 பேருக்குக் காணும். நம் பாசனத்தையும் விடாதீர்கள். மேலே சொன்ன கால்வாயின் 9.60 டி.எம்.சி.யை 45,000 ஏக்கருக்கு வகுத்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 4.9 அடி உயரத் தண்ணீர். வாய்க்காலில் கசிவதும் இதில் அடக்கம். கடைமடை வயலுக்கு அதில் எவ்வளவு வந்து சேர்கிறது என்பது அடுத்த மனுவுக்கான கேள்வி.

10. அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவது?

ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். இடப்பக்கம் துறை: பாசனம், குடிநீர், ஆலை, அனல்மின், நிலத்தடி. மேலே மூன்று எண்களும், நான்காவதாக "எந்தக் கடிதம், எந்தத் தேதி" என்ற கட்டமும். கடிதத் தேதி இல்லாத எண்ணை அட்டவணையில் ஏற்றாதீர்கள், அது யார் சொன்னதாக இருந்தாலும்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தையொட்டிக் கிராம சபை கூடும். அங்கே முதலில் வையுங்கள், தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள், தீர்மான நகலைக் கேட்டு வாங்குங்கள். அதோடு ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனால், பாசனம், குடிநீர், மாசுக் கட்டுப்பாடு, மின்சாரம் என்று எல்லாத் துறையினரும் ஒரே அறையில் இருப்பார்கள். மனுவின் மேல் அட்டவணையைத் தைத்துக் கொடுங்கள். கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். நாங்கள் கேட்டது, சரபங்காவில் எடுக்கும் எல்லாக் குழாயிலும் மீட்டர் பொருத்தி மாதக் கணக்கை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும் என்பது மட்டும்தான். இரண்டு இடத்தில் மீட்டர் வந்திருக்கிறது. மற்ற இடங்களுக்கு மனு போய்க்கொண்டிருக்கிறது.

மூலக் கடிதங்களைக் கூட்டங்களுக்கு எடுத்துப் போகாதீர்கள். மூன்று செட் நகல் எடுத்து, ஒன்றை ஊராட்சி மன்றத்திலும் ஒன்றை வேறொரு வீட்டிலும் வைத்துவிடுங்கள்.